முன்னாடியே சொன்ன ஸ்தோத்திரம்

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் கோழி. ஜன்னல் கம்பியில், பைக் சக்கரத்தில், துணிக்கொடிக் கம்பத்தின் அடியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பழைய சேலைக் கிழிசலால் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். படியில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பை நிறைய மொச்சை. அதற்கும் பக்கத்தில் பிராந்தி பாட்டில் ஒன்றில் கழுத்துவரைக்கும் மலைத்தேன். பாஸ்டர் வீட்டு வாசலில் பிராந்தி பாட்டில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாது. முதலில் அதைத் தூக்கி உள்ளே வைத்தேன். அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய குரல் திரும்பி வந்ததற்காக ஊரே நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. குரல் எங்கே வந்தது? தொண்டைக்குள் வளர்ந்திருக்கிற கட்டி என்ன கட்டி என்று பார்ப்பதற்கே அன்றைக்குத்தான் கிளம்புகிறோம்.

நான் பிறந்து வளர்ந்த கணியம்பாடிப் பக்கமெல்லாம் வழக்கம் வேறு. அங்கே பொருத்தனை பண்ணுவார்கள். மகனுக்கு வேலை கிடைத்தால் இன்னது தருகிறேன், மகளுக்குக் குழந்தை பிறந்தால் இன்னது தருகிறேன் என்று. கிடைத்த பிறகு காணிக்கை கொண்டுவந்து, மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அதில் ஒரு ஞாயம் இருக்கிறது. ஜவ்வாது மலைமேல் இந்தச் சபையில் மட்டும்தான் எல்லாம் தலைகீழ், அதற்குக் காரணமும் என் வீட்டுக்காரரேதான். மலையேறி வந்த புதிதில் ஒரு பிரசங்கத்தில், கேட்டுவிட்டு முழங்காலிலிருந்து எழுந்திருப்பதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிட வேண்டும், அதுதான் விசுவாசம் என்று சொன்னார். அவர் சொன்னது வாயால் சொல்கிற நன்றியை. இவர்களோ ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் தெரியாதவர்கள். நன்றி என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே மாடு காணாமல்போன ஒருவர், முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து ஜெபவீட்டில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் காட்டுக்குள் மாடு தேடப் போனார். மாடு கிடைக்கவில்லை. முட்டையை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களே, திருத்துங்கள் என்று இவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "நான் சொன்னதவிட அவங்க புரிஞ்சிக்கினது நல்லா கீது, வுடு" என்று சிரித்துவிட்டார். அந்த முட்டைகளை அவித்துச் சாப்பிட்டோம்.

கோபத்தோடு நான் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி வந்தாள். அவள் கையிலும் ஒரு கோழி. இந்த ஊரில் முதன்முதலாக ஜெபவீட்டுக்குள் காலெடுத்து வைத்தவள் அவள்தான். என் வயதுதான் இருக்கும். பேரை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் புருஷன் இன்றைக்கும் வேடியப்பன் கோயில் திருவிழாவை முன்னால் நின்று நடத்துவார், ஞாயிற்றுக்கிழமையானால் இவளை வண்டியில் கொண்டுவந்து ஜெபவீட்டில் இறக்கியும் விடுவார்.

"இன்னா ஈஸ்வரி இது?"

"அய்யாவுக்குக் கொரல் வந்துச்சில்ல, அதுக்குதாம்மா."

"எங்க வந்துச்சு? இப்பதானே ஆஸ்பத்திரிக்கே கெளம்புறோம்."

"நேத்து எல்லாருமா கூடிக் கேட்டுட்டோம்மா. கேட்டப்புறம் சும்மா இருந்தா நல்லாவா கீது?" என்றவள், இன்னொன்றும் சொன்னாள். "தை கடைசில எம் பொண்ணு தமிழரசிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். அய்யாதான் முன்னாடி நின்னு கட்டி வெக்கணும். எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குடம் நிரம்பிவிட்டது என்று சொல்கிறவள் முகம்போல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அந்தக் கட்டி புற்றாக இருந்தால் என்ன செய்வாய், தை மாதம் இவர் இருப்பாரா என்றே எனக்குத் தெரியாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக, "நாங்க இல்லாதப்ப இதுங்களுக்கு யார் தீனி போடறது?" என்று கேட்டேன். "நான் போடறேன்மா" என்றாள்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சின்னராஜ் பெரிய படிப்பாளி இல்லை, பார்வையான ஆளும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் குரல்தான். எங்கள் ஜெபவீட்டுக்கு மணி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறி நின்று ஒரு பாட்டெடுத்தால், எதிர்ச் சரிவில் சாமைக் கொல்லையில் கிளி விரட்டிக்கொண்டிருப்பவர்கள் பரணிலிருந்து இறங்கி முகம் கழுவப் போவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும், அப்பாவுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் ஜெபம் பண்ணிவிட்டுப் போகட்டும் என்று சொன்னார்கள். ஜெபம் முடிந்தபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான். அந்தக் குரல் ஆறேழு மாதமாகக் கம்மிக்கொண்டே வந்து, ஒரு பிரசங்கத்தின் நடுவில் கிழிந்த துணிபோல நின்றுவிட்டது. ஒடுகத்தூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமல், வேலூருக்குப் போங்கள் என்றார்.

ஷேர் ஜீப்பில் மலை இறங்கி, ஒடுகத்தூரில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். பாஸ்டர் மனைவிக்கு ஜெபம் பண்ணச் சொல்லியா தர வேண்டும்? வாரத்தில் எத்தனை வீடு, எத்தனை பெண்கள், எத்தனை வயிற்றுவலி. வார்த்தை அருவி மாதிரி கொட்டும். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. கண்ணை மூடினால் டாக்டர் எங்களைப் பார்க்காமல் பேசினது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் மயக்கம் கொடுத்து வாய்வழியாகக் கருவி விட்டுக் கட்டியை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புர்கா போட்ட ஒரு பெண். வாணியம்பாடி, பேர் கனீஸ் ஃபாத்திமா. அவள் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவராம், அவருக்கும் உள்ளே ஆபரேஷன். நான் யாரென்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்காக துவா கேளுங்கம்மா."

கேட்டேன். அதிசயம் என்னவென்றால், வார்த்தை தடையில்லாமல் வந்தது. வந்ததோடு இல்லை, கேட்டது கிடைக்கும் என்று எனக்குள் நிச்சயமாகவும் இருந்தது. முகம் தெரியாத ஒரு மனிதனுக்காக இவ்வளவு நம்ப முடிகிறது, கூட வாழ்கிறவருக்காக முடியவில்லையே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. முடித்ததும் கனீஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "உங்க வூட்டுக்காரருக்கு நான் கேக்கறேன், நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்றாள். அவள் உதடு ரொம்ப நேரம் அசைந்துகொண்டிருந்தது. அவள் முடிக்கும்வரை நான் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படிச் சும்மா இருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் நானும் ஒன்று கேட்டேன். ரேஷன் கடை வரிசையின் கடைசியில் நிற்கிறவள், மிச்சமிருந்தால் கொடுங்கள் என்று கேட்பாளே, அந்தக் குரலில். ஆள் இருந்தால் போதும். குரலைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அதிகம் கேட்டால் இதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். கிடைக்கும் என்ற நம்பிக்கையும் எள்ளளவு இல்லை. நன்றி எங்கே சொல்வது?

கணியம்பாடியில் அண்ணன் வீட்டில் தங்கி, ரிசல்ட் வரும் நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த நாளும் வந்தது. சின்ன வயது டாக்டர். உட்காரக்கூட விடாமல், நிற்கும்போதே சொல்லிவிட்டார். "புற்று இல்லம்மா. பயப்படாதீங்க." அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. குரல் நாண் ஒன்று ரொம்பக் கெட்டுவிட்டது, பழைய குரல் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார். நான் அழுதுகொண்டே, "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்து டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினோம். அவர் டீயை ஊதிக் குடிப்பதை அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் என்றைக்கும் பார்த்ததில்லை. இருக்கிறார். டீ குடிக்கிறார். மீசையில் பாலாடை ஒட்டிக்கொள்கிறது. இதற்குமேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்த விஷயம் உறைத்தது. முழுசாக நம்பிக் கேட்டவர்கள் ஈஸ்வரியும் அவள் ஆட்களும். கோழியெல்லாம் கொண்டுவந்து கட்டிவிட்டுக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது குரல். அது கிடைக்கவில்லை. துளியும் நம்பாமல் கேட்டவள் நான். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இந்தக் கணக்கு எந்தப் பிரசங்கத்திலும் வராத கணக்கு. சிரிப்பும் வந்தது, கூடவே திருட்டு முழியும் வந்தது. மெதுவாக அவர் காதருகில் சொன்னேன்.

"ஏங்க, நான் ஆள் இருந்தா போதும்னுதான் கேட்டேன். கொரல கேக்கவே இல்ல. கேட்டதையும் நம்பிக் கேக்கல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ரொம்பக் குனிந்து, காற்றாகச் சொன்னார். பஸ் சத்தத்தில் நான் காதை அவர் வாயில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நான் அதுவும் கேக்கல அருணா. ஒரு வார்த்தை வரல. ஈஸ்வரி கேட்டுக்கினு இருப்பான்னு வுட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஊர்க்காரர்கள்தான் இவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஒடுகத்தூரில் ஜீப்புக்கு மாறிய பிறகும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் அவர் தலை என் தோளில் வந்து விழுந்தது. நான் தள்ளிவிடவில்லை.

ஊரில் எல்லோரும் ஜெபவீட்டு வாசலில் காத்திருந்தார்கள். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். சருகைக் கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். எனக்கு அவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான்தான் விவரம் சொன்னேன். புற்று இல்லை, உயிருக்கு ஒன்றும் பயமில்லை, ஆனால் குரல் இப்படித்தான் இருக்கும்போல என்று. உயிருக்குப் பயமில்லை என்றதும் பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்படியொரு பயம் இருந்ததே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. நான்தான் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஈஸ்வரியைப் பிடித்துக்கொண்டேன்.

"கோழிங்கள எல்லாரும் எடுத்துக்கினு போய்டுங்க ஈஸ்வரி. எனக்கு மனசு கேக்கல."

"ஏம்மா?"

"கேட்டது வர்லியே."

"இன்னும் வர்ல" என்றாள். "குடுத்தத யாராவது திருப்பி எடுத்துக்கினு போவாங்களா? நீங்க வேற."

"தமிழரசி கல்யாணத்துக்கு ஒடுகத்தூர் பாஸ்டர வரச் சொல்றேன். நல்லா பாடுவாரு."

"வேணாம்மா. அய்யாதான். அவருக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யட்டும், போதும்."

தை மாதக் கடைசியில் மலையில் குளிர் விட்டிருக்கவில்லை. கல்யாணத்தன்று காலையிலிருந்தே ஜெபவீட்டுக்குப் பின்னால் அண்டாக்களில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. ஈஸ்வரியின் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கும் பந்தலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பையன், கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தமிழரசி தலைநிறையப் பூவோடு, சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டிருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இடமில்லாமல் பாதிப் பேர் வெளியில் வெயிலில் நின்றார்கள்.

கீழேயிருந்து மைக் செட் வரவழைத்திருந்தார்கள். இவர் மைக்கில் வாயை வைத்துப் பேசியதும் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் ஊரெல்லாம் கேட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, முன்வரிசையில் இருந்த என்னைக் கையால் கூப்பிட்டார். பக்கத்தில் போய் நின்றேன். என் காதில் ஒரு வரி சொன்னார். அதை நான் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வரி. அதையும் சொன்னேன்.

அப்படித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைக் கேட்க வேண்டிய கேள்வியை அவர் எனக்குச் சொல்ல, நான் மாப்பிள்ளையைக் கேட்டேன். பெண்ணைக் கேட்டேன். மாப்பிள்ளை பாவம், யாரைப் பார்த்துப் பதில் சொல்வதென்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னான். தாலி கட்டும்போது நாதஸ்வரம் இல்லாத குறையைப் பெண்கள் குலவையிட்டுத் தீர்த்தார்கள். சபையில் குலவையிடலாமா என்று கேட்கிற ஆட்கள் கீழே இருக்கிறார்கள், இங்கே இல்லை.

கடைசியாக ஆசீர்வாத ஜெபம். பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்கால் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். இவர் ஆரம்பித்தார். சபையில் வழக்கமாகச் சொல்கிற நல்ல நல்ல வார்த்தைகள், கிருபை, இரக்கம், சந்ததி. மூச்சுக்காற்று என் கன்னத்தில் பட்டுக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நான் போனேன். இரண்டு மூன்று வரி போன பிறகு என் காதில் ஒன்றும் விழவில்லை. தொண்டை கமறிவிட்டதாக்கும் என்று காத்திருந்தேன். சபையும் காத்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டி, நீ சொல் என்று கையைக் காட்டினார்.

எதைச் சொல்வது? கொடுத்த வரி தீர்ந்துவிட்டது. கல்யாண ஜெபத்தைப் பாஸ்டர் மனைவி பண்ணி நான் பார்த்ததேயில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தமிழரசி குனிந்த தலையோடு அப்படியே இருந்தாள்.

"சாமி" என்றேன். சபையில் அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை. வாயில் வந்துவிட்டது. "சாமி, இந்தப் புள்ளைங்க நல்லா இருக்கணும். சண்ட போட்டாலும் சாயந்தரத்துக்குள்ள பேசிக்கணும். இவங்க அம்மா எங்களுக்கு எவ்ளோ செஞ்சிருக்குது தெரியுமா உனக்கு? எங்களால கேக்க முடியாதப்ப எங்களுக்காகக் கேட்டுச்சு. வாணியம்பாடிலருந்து ஒரு அம்மா கேட்டாங்க. எல்லாருக்கும் நன்றி சாமி. ஆள குடுத்த. அதுக்கு நான் இன்னும் சரியா நன்றி சொல்லல. இப்பச் சொல்றேன்."

குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டேன். நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்காமல் விட்ட ஒன்று நெஞ்சில் வந்து நின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல, புற்று என்ற வார்த்தையைவிட அதிகமாகப் பயந்தேன்.

"அவருக்குக் கொரலும் குடு சாமி" என்றேன். "நான் கேக்காமயே இருந்துட்டேன். இப்பக் கேக்கறேன். எனக்கு அது வேணும். காலைல பாறைமேல அவரு பாடறது எனக்குக் கேக்கணும்."

என் பக்கத்தில் அசைவு தெரிந்தது. கண்ணைப் பாதி திறந்தேன். மற்ற எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பீடத்தை விட்டு மெதுவாக இறங்கிப் போனார். ஈஸ்வரி நின்றிருந்த வரிசையில் அவளுக்கும் அடுப்புக்கரி படிந்த வேட்டியோடு நின்ற அவள் புருஷனுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

நான் இன்னும் முடிக்கவில்லை.